அப்பா பேரில் ஏறிய டோஸ்

அத்தியாயம் 9

போன வாரம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். 'ரீனா ஏன் வாயை மூடிக்கொண்டிருந்தாள்?' சயானிலிருந்து ஒரு அம்மா கொஞ்சம் காரமாகவே கேட்டிருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் தாராவியில், இரும்பு ஏணி வைத்து ஏறுகிற பத்துக்குப் பன்னிரண்டு அடி மாடி அறையில், மாமனார் நாலடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போது ஒரு மருமகள் எந்த மூலைக்குப் போய் வாயைத் திறப்பாள், நீங்களே சொல்லுங்கள்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இன்னாசிமுத்துவுக்கு வயது ஐம்பத்தொன்பது. மும்பைக்கு வடக்கே கடலோரத்தில் இருக்கும் சிஞ்சேவாடி அணுமின் நிலையத்துக்குத் தாராவியிலிருந்து ஆள் கூட்டிப் போகிற மேஸ்திரி. மகன் சாஜன் வெல்டர். மருமகள் ரீனா மாட்டுங்காவில் ஒரு தோல் டாக்டரம்மாவின் கிளினிக்கில் சீட்டு எழுதுகிறாள். இன்னாசிமுத்துவின் மனைவி லூர்து மேரி, தங்கை மகள் கல்யாணத்துக்கு ஊருக்குப் போனவள் இன்னும் திரும்பவில்லை. அவள் இருந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

போன வெள்ளிக்கிழமை நிலையத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பேட்ஜ் எண் 417-இல் அளவுக்கு மேல், முப்பத்தெட்டு மில்லிசீவர்ட் கதிர், ஏறியிருக்கிறது. அந்த எண்ணுக்குரிய இன்னாசிமுத்து திங்கட்கிழமை காலை பதினொரு மணிக்குச் செம்பூரில் உள்ள மருத்துவப் பிரிவுக்கு வந்து ரத்தம் கொடுக்க வேண்டும்.

அந்த பேட்ஜை நெஞ்சில் மாட்டிக்கொண்டு வேலை பார்த்தது இன்னாசிமுத்து இல்லை, சாஜன். இது வீட்டில் மூன்று பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அணுமின் நிலையம் என்றதும் பெரிய மந்திரம் என்று நினைக்காதீர்கள். உள்ளே நடப்பது வெந்நீர் போடுகிற வேலை. விறகுக்குப் பதில் யுரேனியம், அவ்வளவுதான். ஆவி போய் டர்பைனைச் சுற்றும், கடல் தண்ணீர் வந்து குளிர வைக்கும், மின்சாரம் மும்பைக்கு வந்து நம் வீட்டு ஃபேனைச் சுற்றும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் மீன்பிடிக் குப்பம் ஒன்றைக் காலி செய்துவிட்டு அதைக் கட்டினார்கள். கான்கிரீட்டுக்குக் கம்பி கட்டியவர்களில் பாதிப் பேர் தாராவித் திருநெல்வேலிக்காரர்கள். கட்டி முடித்த பிறகு அவர்கள் பிள்ளைகள் பழுது பார்க்கப் போனார்கள். ஒன்றரை வருஷத்துக்கு ஒரு தடவை நிலையத்தை நிறுத்தி, எரிபொருளை மாற்றி, ஒழுகுகிற வால்வுகளையும் குழாய்களையும் சரிசெய்வார்கள். அதற்குப் பேர் ஷட்டவுன். இன்னாசிமுத்து இருபத்தேழு வருஷமாக ஒரு ஷட்டவுனையும் தவறவிட்டதில்லை.

உள்ளே இறங்குகிற ஒவ்வொருவனுக்கும் ஒரு பேட்ஜ் உண்டு. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று அது பதிந்துகொள்ளும். கான்ட்ராக்ட் ஆளுக்கு அங்கே வருஷத்துக்குப் பதினைந்துதான். அது நிறைந்துவிட்டால் 'டோஸ் ஃபுல்', வீட்டுக்குப் போ என்று விடுவார்கள். சாஜனுக்குப் பன்னிரண்டாம் நாளே நிறைந்துவிட்டது. குழிக்குள் மல்லாந்து படுத்துக்கொண்டு வால்வு வெல்டிங் அடிக்க அவனை விட்டால் அந்தக் கூட்டத்தில் ஆள் கிடையாது. இன்னாசிமுத்துவோ மேஸ்திரி, வெளியே நிற்கிறவர். அவர் பேட்ஜில் வருஷம் முழுக்க ஒன்றுகூட ஏறாது.

அவருக்கு என்ன தோன்றியது தெரியுமா? ரேஷன் கார்டில் அப்பா பங்குச் சர்க்கரையை மகன் எடுத்துக்கொண்டால் யார் கேட்கப் போகிறார்கள் என்று தோன்றியது. "எம் பேருல சும்மாதானல கெடக்கு, எடுத்து மாட்டிக்க" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். உள்ளே எல்லாருக்கும் முக்காடும் முகமூடியும்தான், முகம் யாருக்குத் தெரிகிறது? எட்டு நாள் அப்படி ஓடியது. பாசத்தில்தான் கொடுத்தார். அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

சரி, திங்கட்கிழமைக்கு வருவோம்.

காலை ஏழு மணி. சாஜன் வலது கையில் சுற்றியிருந்த துணியை ரீனா அவிழ்த்துவிட்டாள் என்ற இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் கொப்புளம். சுற்றிலும் தோல் சிவந்து வீங்கிப் பளபளவென்று இருந்தது. நகத்தைச் சுற்றிக் கறுக்கத் தொடங்கியிருந்தது.

"மாதாவே... இது எத்தனை நாளா?"

"கத்தாத. மூணு நாளா. வெல்டிங் சூடு."

"மூணு நாளா நீங்க எங்க வெல்டிங் அடிச்சீங்க? ஷட்டவுன் முடிஞ்சு மூணு வாரமா வீட்டுலதான கெடக்கீங்க?"

சாஜன் துணியைத் திரும்பச் சுற்றப் பார்த்தான். இடது கையால் சுற்ற வரவில்லை.

இன்னாசிமுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து சவரம் செய்துகொண்டிருந்தார். கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெல்டருக்குக் கை சுடாம பின்ன என்னம்மா சுடும்? பர்னால் தடவிவிடு."

"மாமா, ஒரு தடவ திரும்பிப் பாருங்க."

"பாத்தேன், பாத்தேன்." அவர் திரும்பவில்லை. "ரெண்டு பேரும் நல்லாக் கேட்டுக்கிடுங்க. நான் செம்பூருக்குப் போறேன். எங் கையில ரத்தம் எடுப்பான். அதுல ஒண்ணும் இருக்காது, ஏன்னா நான் உள்ள போகவே இல்ல. பேட்ஜ் எங்கியோ கழண்டு விழுந்து கெடந்துச்சு, ரெண்டு நாள் கழிச்சுத்தான் தேடி எடுத்தேன்னு சொல்லிருவேன். 'நான்-ஜெனுவின்', ஆள் மேல பட்ட டோஸ் இல்லன்னு எழுதி ஃபைல மூடிருவான். இது மாதிரி நான் எத்தனை பாத்திருக்கேன். மத்தியானம் சோத்துக்கு வந்துருவேன்."

வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு ஏணியில் இறங்கிப் போய்விட்டார். சட்டைப் பையில் சீப்பு வைத்தாரே தவிர மகன் கையைத் தொட்டுப் பார்க்கவில்லை. ரீனா அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

* * *

டாக்டர் பத்மஜாவின் கிளினிக் மாட்டுங்கா மார்க்கெட்டுக்குப் பின்னால், பூக்கடைகள் முடிகிற சந்தில். மற்றவர்கள் வருவதற்கு முன்பே, ஒன்பதரைக்கு, ரீனா கணவனை இழுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். வரமாட்டேன் என்று சயான் சிக்னல் வரை சண்டை போட்டவன், கையில் ஆட்டோ குலுக்கல் பட்டதும் வாயை மூடிக்கொண்டான்.

டாக்டரம்மா கையுறை மாட்டிக்கொண்டு விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சூடு பட்டதுன்னு சொல்றேள். எப்போ?"

"ஞாபகம் இல்லை டாக்டர்."

"நெருப்புச் சூடு அன்னிக்கே கொப்புளிச்சுடும். மூணு நாள் முன்னாடி கொப்புளிச்சதுன்னா மூணு நாள் முன்னாடி சுட்டிருக்கணும். ஞாபகம் இல்லாம இருக்குமா?" மேஜை விளக்கை இன்னும் கிட்டே இழுத்தார். "எங்கே வேலை?"



"சிஞ்சேவாடி" என்றாள் ரீனா. "அணுமின் நிலையம் மேடம்."

பத்மஜா கையை மெதுவாகக் கீழே வைத்தார். கையுறையைக் கழற்றினார். கிளினிக்கில் ஆறு வருஷமாக அவர் கூட இருக்கிற ரீனா, அந்த முகத்தை இதற்கு முன் பார்த்ததில்லை.

"நன்னா யோசிச்சுச் சொல்லுங்கோ. ஒரு மூணு வாரம், நாலு வாரம் முன்னாடி. இந்த மூணு விரலால எதையாவது எடுத்தேளா? எடுத்த மறுநாள் லேசாச் சிவந்து, ஒண்ணு ரெண்டு நாள்ல தானாச் சரியாப் போச்சா?"

சாஜன் வலது கையை மடிக்கு இழுத்துக்கொண்டான். அவன் சொல்லாவிட்டாலும் அவன் முகம் சொல்லிவிட்டது.

"ஒரு சில்லு" என்றான். "இரும்புச் சில்லு. புளியங்கொட்டையில பாதி இருக்கும். வால்வுக்கு அடியில, க்ரில்லுல சிக்கிக் கெடந்துச்சு. வெல்டிங் ராடு அதுல இடிச்சிட்டே இருந்துச்சு. எடுத்துப் பாத்தேன். ஒரு நிமிசம், ரெண்டு நிமிசம் இருக்கும். பக்கத்துல இருந்த டின்னுல போட்டுட்டு வேலையப் பாத்தேன். கிளவுஸ் போட்டிருந்தேன் டாக்டர். துணிக் கிளவுஸ்."

"கிளவுஸ் அழுக்கைத்தான் தடுக்கும். இதைத் தடுக்காது."

"அப்போ இது..."

"நான் தோல் டாக்டர். இந்தக் கையை என்னால காப்பாத்த முடியாது. ஆயின்மென்ட் எழுதிக் குடுத்தா உங்களை ஏமாத்தறதா ஆயிடும். இது மேலே தெரியறதைவிட உள்ளே ஜாஸ்தி. இதுக்குன்னே தெரிஞ்சவா அந்த நிலையத்து டாக்டர்கள்தான். என்ன வஸ்து, எத்தனை நேரம், எவ்வளவு பட்டதுன்னு அவாளுக்குத் தெரிஞ்சாகணும். தெரிஞ்சா விரல் நுனியோட நிக்கலாம், இல்லே ஒரு விரலோட. தெரியாம யாராவது சாதாரணப் புண்ணுன்னு கீறி, கட்டி, கீறிண்டே இருந்தா..." அவர் தன் மணிக்கட்டைத் தொட்டுக் காட்டினார். "இன்னிக்கே போங்கோ. நாளைக்குன்னு சொல்லாதேங்கோ."

ரீனா ஃபோனை எடுத்தாள். விளக்கு வெளிச்சத்திலேயே அந்தக் கையை நாலு பக்கமும் படம் பிடித்தாள். இரண்டு படம் கலங்கிவிட்டது, திரும்பப் பிடித்தாள்.

மணி பத்தேகால்.

* * *

மாட்டுங்காவில் ரயில் ஏறிக் குர்லாவில் இறங்கினார்கள். செம்பூருக்கு ஹார்பர் லைன் மாறவேண்டும். பாலத்தில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் முட்டிக்கொண்டு நகர்ந்த நெரிசலில் சாஜன் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு வந்தான். பிளாட்ஃபாரத்துக்கு வந்ததும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான்.

"எந்திரிங்க. பன்வெல் வண்டி வருது."

"நான் வரலை."

"என்னது?"

"யோசிச்சுப் பாத்தியா ரீனா? நான் போய் அந்த பேட்ஜ மாட்டுனது நான்தான்னு சொன்னா எம் கேட் பாஸ் போவும். போகட்டும். அப்பா பாஸ் போவும். அவர நம்பி வர்ற இருபத்திரண்டு பேரு பாஸ் போவும். ரெஜிஸ்டருல கையெழுத்துப் போட்டது அப்பா. கேஸ் போட்டான்னா அந்த வயசுல அவரு ஜெயிலுக்குப் போகணும். அரே, எங்கப்பாவ நானே புடிச்சுக் குடுக்கவா?"

"அவரு இப்ப ரத்தம் குடுக்கப் போயிருக்காரு. அது சுத்தமா வரும். ஃபைல மூடிருவாங்க. அதுக்கப்புறம் நாம போய் அந்த டோஸ் எங்களுக்குத்தான்னு நின்னா யாரு நம்புவா?"

"அப்பா முடிச்சுட்டு வரட்டும். பொறவு வேற ஆஸ்பத்திரி பாக்கலாம். டென்ஷன் மத் லே, கவலப்படாத."

"டென்ஷன் மத் லேயா?" ரீனாவுக்குக் குரல் உடைந்துவிட்டது. பக்கத்தில் நின்ற மீன்கூடைக்காரி திரும்பிப் பார்த்தாள், ரீனா கவலைப்படவில்லை. "உங்க கை அழுகுது சாஜன்! உங்களுக்கு வேற என்ன தெரியும்? அந்தக் கையில்லாம நீங்க என்ன செய்வீங்க? சோத்தப் பிசைஞ்சு வாயில வைக்கவும் முடியாம, நான் ஊட்டிவிட, வீட்டுல ஒக்காந்திருக்கப் போறீங்களா?"

அவன் அழுதான். இருபத்தொன்பது வயது ஆண்பிள்ளை, குர்லா பிளாட்ஃபாரத்தில், அத்தனை ஜனத்துக்கு நடுவில். இடது கையால் கண்ணைத் துடைத்தான். ஆனால் எழுந்திருக்கவில்லை.

வண்டி வந்துவிட்டது. ரீனா ஒரு நிமிஷம் அவனையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு பெண்கள் பெட்டியில் தனியாக ஏறிவிட்டாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு திலக் நகர் தாண்டும் வரை பிளாட்ஃபாரம் இருந்த திசையையே பார்த்தாள்.

சயான் அம்மா, உங்கள் ரீனா வாயைத் திறக்கப் புறப்பட்டுவிட்டாள். திருப்திதானே?

* * *

மருத்துவப் பிரிவு பழைய கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் இருந்தது. வாட்ச்மேன் "யாரைப் பார்க்கணும்?" என்று மராத்தியில் கேட்டு முடிப்பதற்குள் ரீனா படியேறிவிட்டாள்.

அறைக்குள் இன்னாசிமுத்து முழங்கை மடிப்பில் பஞ்சை அமுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் ஒரு சின்னக் குழாயில் அவருடைய ரத்தம், மேலே பெயர் ஒட்டியிருந்தது. எதிரே டாக்டர் நகுல். செம்பூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன், முப்பத்திரண்டு முப்பத்துமூன்று வயதிருக்கும். அவர் முன்னால் ஒரு படிவம். அதில் இன்னாசிமுத்து ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"மாமா, கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

"நீ எங்கம்மா இங்க?" இன்னாசிமுத்து எழுந்துவிட்டார். "டாக்டர், எம் மருமக. கொஞ்சம் பயந்த சுபாவம். ஒண்ணுமில்ல, நான் இந்தா வாரேன்."

ரீனா அவரைத் தாண்டிப் போய் ஃபோனை நகுலின் முன்னால் வைத்தாள். "இது என் வீட்டுக்காரர் கை சார். இவரு மகன். அந்த 417 பேட்ஜப் போட்டுக்கிட்டு உள்ள போனது அவருதான்."

நகுல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். ஒவ்வொரு படமாகத் தள்ளிப் பார்த்தார்.

"அது வெல்டிங் சூடு சார்" என்றார் இன்னாசிமுத்து. "எம் மகன் வெல்டர். அவனுக்கு வேற பேட்ஜு, வேற நம்பரு. டோஸ் ஃபுல்லாகி முன்னாடியே வெளிய வந்துட்டான். ரெஜிஸ்டரு பாருங்க."

பெற்ற மகனின் கையைப் படத்தில் பார்த்துக்கொண்டே அந்த மனுஷன் அதைச் சொன்னார். எழுதுகிற எனக்கே கை கூசுகிறது.

"அங்கிள், உட்காருங்க" என்றார் நகுல். "நான் உங்களுக்கு ஸ்ட்ரெயிட்டா சொல்றேன். உங்க பிளட்ல ஒண்ணும் இருக்காதுன்னு உங்களுக்கும் தெரியும், எனக்கும் இப்போ தெரியும். ரிப்போர்ட் வந்ததும் நான் 'நான்-ஜெனுவின்'னு எழுதணும். எழுதிட்டா இந்த முப்பத்தெட்டு யாருக்கும் சொந்தமில்லை. அப்புறம் இந்தக் கைக்காரன் வந்தா, கதிர் பட்டதுக்கு எந்த ரெக்கார்டும் இருக்காது. ரெஜிஸ்டர் சொல்றீங்களே, ரெஜிஸ்டர்ல 417 கடைசியா உள்ளே போன மூணாம் தேதி பேனா மீட்டர் ரீடிங் ரெண்டுன்னு நீங்கதான் எழுதியிருக்கீங்க. ரெண்டுலேயா கை இப்படி ஆகும்?"

பேனா மீட்டர் என்பது பேட்ஜோடு சேர்த்துச் சட்டைப் பையில் குத்திக்கொள்கிற சின்னக் குழாய். வெளிச்சத்துக்கு எதிரே கண்ணில் வைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு கோடு நகர்ந்திருக்கும். அன்றன்றைக்கு ஆள் வெளியே வந்ததும் மேஸ்திரி பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுவார். சிஞ்சேவாடியில் இன்னும் அந்தப் பழைய வழக்கம்தான்.

ரீனா அவர் பக்கம் திரும்பினாள். "மாமா, மூணாம் தேதியா அது? அன்னைக்கு நீங்க பாத்தீங்கல்ல? என்ன காட்டுச்சு?"

இன்னாசிமுத்து பஞ்சை அமுக்கிக்கொண்டே இருந்தார். ரத்தம் எப்போதோ நின்றுவிட்டது.

"மாமா, இருபத்தேழு வருசம் உங்க பேரக் காப்பாத்துனது போதும். கெஞ்சிக் கேக்கேன். உங்க பேரு எனக்கு வேண்டாம், உங்க வேலை எனக்கு வேண்டாம். அவரு கைய மட்டும் எனக்குக் குடுங்க." அவள் அவர் காலடியில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "டாக்டரம்மா மணிக்கட்டத் தொட்டுக் காட்டுனாங்க மாமா. இது வரைக்கும் போவும்னு காட்டுனாங்க."

இன்னாசிமுத்து பஞ்சைக் குப்பைக் கூடையில் போட்டார். கீழே தெருவில் பஸ் ஒன்று போய்க்கொண்டிருந்தது.

"கோடு கடைசியத் தாண்டிப் போயிருந்துச்சு" என்றார் இன்னாசிமுத்து.

நகுல் பேனாவைக் கீழே வைத்தார்.

"மூணு தடவ பாத்தேன் சார். துடைச்சுட்டுப் பாத்தேன். கோட்டையே காணோம். என்னல ஆச்சுன்னு கேட்டேன். ஒரு சில்லு எடுத்தேன்ப்பான்னு சொன்னான். எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. மேல போய்ச் சொன்னா பேட்ஜு மாத்துனது தெரிஞ்சுருமே. அதான் ரெண்டுன்னு எழுதுனேன். நெஞ்சுல பட்டதுதான, வெளிய ஒண்ணும் தெரியலையே, தப்பிச்சுட்டான்னு இருந்தேன். கை இப்பிடி ஆவும்னு... சேசு சத்தியமா எனக்குத் தெரியாது சார். எங் கையெழுத்து இருக்குல்ல, அதக் கிழிச்சிருங்க. என்னையப் புடிச்சுக் குடுங்க. அவனப் பாருங்க."

"அவர் எங்கே இப்போ?"

"குர்லாவுல..." என்று ரீனா தொடங்கும்போதே கதவுப்பக்கம் நிழல் ஆடியது. சாஜன் நின்றுகொண்டிருந்தான், துணி சுற்றிய கையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி. அடுத்த வண்டியில் வந்திருக்கிறான். எவ்வளவு நேரமாக நிற்கிறான் என்று தெரியவில்லை.

"அப்பா" என்றான்.

இன்னாசிமுத்து எழுந்து போய் மகனின் கையைத் தன் இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டார். துணியை அவிழ்த்தார். இந்தத் தடவை பார்த்தார். "எங் கண்ணுல கொள்ளிய வைக்க" என்று வாய்விட்டு அழுதார். நான் இதுவரை அவர்மேல் கொட்டிய ஆத்திரமெல்லாம் அந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் ஆறித்தான் போனது. அவசரப்பட்டு ஆறியிருக்கக் கூடாது என்று அடுத்த நிமிஷமே தெரிந்துகொண்டேன்.

நகுல் ஃபோனில் யாரிடமோ வேகமாகப் பேசினார், ஆம்புலன்ஸ், அட்மிஷன், இன்றைக்கே என்ற வார்த்தைகள் காதில் விழுந்தன. ரீனா காலையிலிருந்து முதல் தடவையாக மூச்சை முழுசாக விட்டாள். நகுல் திரும்பினார்.

"இனி நாங்க பார்த்துக்கறோம். முதல்ல விரல்ல எவ்வளவு பட்டிருக்குன்னு கணக்குப் போடணும். அதுக்கு அந்தச் சில்லு வேணும். அது எங்கே?"

"டின்னுல போட்டேன் சார்" என்றான் சாஜன். "வால்வுக் குழியில. மறுநாள் போய் ஓரமா வைக்கலாம்னு இருந்தேன். அப்பா மறுநாள் என்னய உள்ளயே விடலை."

"அப்போ அது இன்னும் குழியிலேயா இருக்கு?"

இன்னாசிமுத்து மகனின் கையை விட்டார். "இல்ல சார். எடுத்துக் கழிவு டிரம்முல போட்டாச்சு. டிரம்ம மூடி அனுப்பியாச்சு."

"எடுத்தது யார்?"

அவர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். ரீனா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேனா மீட்டரில் கோடு கடைசியைத் தாண்டியதைப் பார்த்தவர், சில்லு என்று கேட்டு நடுங்கியவர், மறுநாள் தன் மகனை உள்ளே விடவில்லை. வேலை நின்றிருக்காது. ஷட்டவுனில் வேலை நிற்காது. அப்படியானால் அந்தக் குழிக்குள் யாரோ இறங்கியிருக்கிறார்கள்.

"மாமா, யார அனுப்புனீங்க?"

"அஸாருதீன."

சாஜன் ஒரு அடி பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்தான். அஸாருதீன் அவனோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. இரண்டு வீடு தள்ளித் தையல் மெஷின் ரிப்பேர் செய்கிற கரீம் பாட்சாவின் ஒரே மகன். இந்த ஷட்டவுன்தான் அவனுக்கு முதல் ஷட்டவுன்.

"நான் சில்லத் தொட்டேன்னு சொன்னதுக்குப் பொறவா அவன அனுப்புனீங்க?"

"வேற யாரல அனுப்ப? புதுப் பையன், கேள்வி கேக்க மாட்டான். அந்த டின்ன எடுத்து டிரம்முல போட்டுட்டு வந்துருன்னேன். அரை நிமிச வேலை. இடுக்கி குடுத்துத்தான் அனுப்புனேன்."

"இடுக்கியாலதான் எடுத்தானா?" என்றார் நகுல்.

"வெளிய நின்னேன் சார். பாக்கலை."

"அவன் பேட்ஜ்ல ஒண்ணும் வரலையே?" என்றாள் ரீனா, நகுலிடம்.

"அரை நிமிஷத்துக்கு நெஞ்சில இருக்கிற பேட்ஜ்ல பெரிசா வராது. கையில எடுத்திருந்தா கையிலதான் தெரியும். இந்நேரம் தெரிஞ்சிருக்கும்." நகுல் ஃபோனை மேஜைமேல் தள்ளினார். "கூப்பிடுங்க அங்கிள். இப்பவே."

இன்னாசிமுத்து தன் ஃபோனையே எடுத்தார். கரீம் பாட்சாவின் எண் அவருக்கு மனப்பாடம். முப்பது வருஷப் பழக்கம். ஈத் பிரியாணியும் கிறிஸ்துமஸ் கேக்கும் இரண்டு வீட்டுக்கும் ஏணி ஏறி இறங்கிய பழக்கம். ஃபோனை ஸ்பீக்கரில் போடச் சொன்னார் நகுல்.

மூன்றாவது மணியில் எடுத்தார் கரீம் பாட்சா. பின்னணியில் தையல் மெஷின் ஓடுகிற சத்தம்.

"சொல்லுங்க அண்ணாச்சி! ரத்தம் எடுத்தாச்சா? ஒண்ணுமில்லன்னுட்டானா? காலையில உங்களுக்காவத்தான் துஆ கேட்டேன்."

 சாஜன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கரீமு... அஸாரு வீட்டுல இருக்கானா?"

"இருக்கான், மேல. நாலு நாளா கடைக்கு வரமாட்டேங்கான். சுளுக்குங்கான், கையில துணியச் சுத்திக்கிட்டுப் படுத்தே கெடக்கான். ஏன் அண்ணாச்சி, அடுத்த வேல வந்துருச்சா? இருங்க, கூப்பிடுதேன்... ஏ அஸாரு! எந்திரில! இன்னாசி மாமா கூப்பிடுதாக, ஏதோ வேலயாம்!"